ஆச்சியின் முதலாண்டு நினைவு ஆராதனை: வாழ்க்கைக் குறிப்பும் 16 பக்கக் கையேடும் எப்படித் தொகுப்பது?

#1 கடைக்குட்டி_பேத்தி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சாத்தான்குளம் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) சபை எங்களுடையது. ஆச்சியின் முதலாண்டு நினைவு ஆராதனைக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கு. அன்று வாசிக்க ஒரு வாழ்க்கைக் குறிப்பு வேண்டும், வருகிறவர்கள் கையில் கொடுக்க 16 பக்கத்தில் சின்னக் கையேடு ஒன்றும் வேண்டும்.

கையில் இருப்பவை: குடும்ப வேதாகமத்தின் முன்தாளில் ஆச்சியின் அப்பா எழுதிய குறிப்பு (பாதியைப் பூச்சி அரித்துவிட்டது), கண்ணாடியோடு ஒட்டிப்போன கல்யாணப் படம், லேஸ் விரிப்பு இரண்டு, அரிசி, பயறு அளக்கும் பித்தளை உழக்கு ஒன்று. ஆச்சியின் தங்கச்சி இருக்காங்க, வயது 88, ஞாபகம் தெளிவு.

பிறந்த வருஷமே தகராறு. வேதாகமத்தில் 1107 என்று இருக்கு, ஆதாரில் 01-07-1934. எங்கே தொடங்குவது?

#2 பதிவேட்டு_அண்ணாச்சி

தங்கச்சி, 1107 கொல்லம் ஆண்டு. நம்ம பக்கத்துப் பழைய பத்திரங்களிலும் வேதாகமக் குறிப்புகளிலும் அதுதான் இருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணி 1இல் பிறக்கும். ஆவணியிலிருந்து மார்கழி நடு வரைக்கும் 824 கூட்டணும். ஆங்கிலப் புத்தாண்டு மார்கழி 17 வாக்கில் வரும், அதற்குப் பிறகு ஆடி முடிய 825 கூட்டணும். ஆக 1107 என்றால் 1931 ஆகஸ்ட் நடுவிலிருந்து 1932 ஆகஸ்ட் நடு வரைக்கும். பக்கத்தில் வருஷப் பெயரும் எழுதியிருந்தால் சரிபார்க்க வசதி: 1932 சித்திரைக்கு முன்னால் பிரசோற்பத்தி, பிறகு ஆங்கீரச. வேறு பெயர் இருந்தால் எண்ணைத் தப்பாக வாசித்திருக்கீங்க.

ஆதார் தேதியைப் பெரிதாக எடுக்க வேண்டாம். அந்தத் தலைமுறைக்கு ஜூன் 1, ஜூலை 1, ஜனவரி 1 என்று இருந்தால் பெரும்பாலும் உத்தேசத்தில் போட்டது. முடிவு சொல்லவேண்டியது ஞானஸ்நானப் பதிவேடு. அதில் ஞானஸ்நானம் கொடுத்த தேதிக்கும் பிறந்த தேதிக்கும் தனித்தனி கட்டம் உண்டு. அவசரத்தில் முதல் கட்டத்தைப் பிறந்த நாளாக எழுதிவிடுகிறவர்கள் ஏராளம். இரண்டுக்கும் நடுவே சில வாரமும் இருக்கும், சில மாதமும் இருக்கும்.

எங்கே தேடுவது என்பதுதான் பலருக்கும் இடிக்கும். இன்று உங்கள் ஊர் தனிச் சேகரமாக (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைத் தொகுதியாக) இருக்கலாம். 1931இல் அது எந்தத் தாய்ச் சேகரத்தோடு இருந்தது என்று முதலில் கேளுங்கள், பதிவு அந்தப் பதிவேட்டில்தான் இருக்கும். ஆச்சி வாக்கப்பட்டு வந்த ஊரில் ஞானஸ்நானப் பதிவைத் தேடிப் பயனில்லை, பிறந்த ஊருக்குப் போகணும். கல்யாணப் பதிவு மாப்பிள்ளை ஊரிலா பெண் ஊரிலா என்று தெரியாவிட்டால் இரண்டு இடமும் பாருங்கள். ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, இரண்டு சபையிலும் மூன்று ஞாயிறு வாசித்திருப்பார்கள், ஆனால் கையெழுத்து ஆராதனை நடந்த சபைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும்.

சேகரகுருவுக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். ஆச்சி பெயர், அப்பா பெயர், ஊர், தேடும் வருஷம் (நீங்கள் நினைப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு வருஷம்), எதற்காக என்று ஒரு வரி, அது போதும். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். பண்டிகைக் காலத்திலும் வேண்டாம். பெயர் வாரியான அட்டவணை இருக்காது, தேதி வரிசைதான். ஐந்து வருஷத்தைப் புரட்ட ஒரு மணி நேரம் பிடிக்கும். பென்சில் மட்டும் கொண்டு போங்கள். எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது, பதிவேட்டை முழுசாக மலர்த்தி அமுக்கக் கூடாது, முதுகுத் தையல் விட்டுப்போகும். அனுமதி கிடைத்தால் முதலில் முழுப் பக்கத்தைப் படம் எடுங்கள், பிறகு அந்த வரியை மட்டும். வரியை மட்டும் எடுத்துவிட்டு வந்தால் எந்த வருஷத்துப் பக்கம் என்று வீட்டில் முழிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, பெயர். ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், கூப்பிட்டது ஒரு பெயர். பதிவேட்டில் ‘ஞானப்பூ’, ஊருக்குள் ‘செல்லத்தாய்’. ஆகவே மகள் பெயரை வைத்துத் தேடாமல் அப்பா பெயரையும் ஊரையும் வைத்துத் தேடுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய பதிவு என்றால் ஒரே பெயர் நாலு விதமாக வரும்.

#3 கடைக்குட்டி_பேத்தி

அண்ணாச்சி, வருஷத்துக்குப் பக்கத்தில் நாள் எண் போல இருப்பது ‘கச’ என்று எழுத்தாகத் தெரியுது.

#4 பதிவேட்டு_அண்ணாச்சி

எழுத்து இல்லை, தமிழ் எண். க மாதிரி இருப்பது 1, ச மாதிரி இருப்பது 4. ஆக 14. மற்றவையும் குறித்துக்கொள்ளுங்கள்: உ மாதிரி 2, ரு மாதிரி 5, சு மாதிரி 6, எ மாதிரி 7, அ மாதிரி 8. மை மங்கினால் 7ஐயும் 8ஐயும் குழப்பிக்கொள்வது சாதாரணம். மாதம் மார்கழி என்றால் 1107 மார்கழி 14, அதாவது 1931 டிசம்பர் 29 வாக்கில்.

முன்தாளைப் படம் எடுக்கும்போது வெளிச்சத்தை நேரே விடாமல் பக்கவாட்டில், தாளை உரசுகிற மாதிரி விடுங்கள். மை போனாலும் பேனா அமுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். தயவுசெய்து லாமினேஷன் பண்ண வேண்டாம். சூட்டில் உருகி ஒட்டினால் திரும்ப எடுக்கவே முடியாது.

#5 மேட்டுத்தெரு_வாத்தியார்

தேதிகள் அண்ணாச்சியின் பொறுப்பு. வாசிக்கும் குறிப்பைப் பற்றி நான் சொல்கிறேன்.

கோவிலில் நிதானமாகத் தமிழ் வாசித்தால் நிமிடத்துக்குச் சுமார் 100 சொல். வாழ்க்கைக் குறிப்புக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்தால் தேவசெய்திக்கு முன்பே சபை நெளிய ஆரம்பித்துவிடும். ஆகவே 450 முதல் 500 சொல். ஏ4 தாளில் 14 புள்ளி எழுத்தில் ஒன்றரைப் பக்கம் வரும். கையேட்டில் வேண்டுமானால் 1200 சொல் வரை போகலாம். இரண்டையும் ஒரே உரையாக வைக்காதீர்கள், வாசிப்பவர் வழியில் எதையாவது விட்டுவிடுவார்.

இந்தக் குறிப்புகளில் பத்துக்கு ஒன்பது ஒரே அச்சு. “அன்பும் பண்பும் பாசமும் நிறைந்தவர், ஜெப வீராங்கனை, விருந்தோம்பலில் சிறந்தவர்.” பெயரை மாற்றினால் அடுத்த தெரு ஆச்சிக்கும் பொருந்தும். அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தொற்காள் மரித்தபோது விதவைகள் பேதுருவிடம் அவள் நல்லவள் என்று பேசிக்கொண்டு நிற்கவில்லை, அவள் செய்து கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் காட்டினார்கள். குறிப்பிலும் அப்படிக் காட்டத்தான் வேண்டும். ‘கொடையுள்ளம் கொண்டவர்’ என்பதை அடித்துவிட்டு, கைப்பிடி அரிசிப் பானை அடுக்களையில் எந்த இடத்தில் இருந்தது, உலையில் அரிசி போடுமுன் எத்தனை பிடி அதற்குப் போனது, எந்தக் கிழமை கோவிலுக்கு எடுத்துப் போனார்கள் என்று எழுதுங்கள். ‘ஜெப வீராங்கனை’க்குப் பதில், எத்தனை மணிக்கு எழும்பினார்கள், யார் யார் பெயரை எந்த வரிசையில் சொல்லி ஜெபித்தார்கள். வரிசை தெரிந்தவர்கள் வீட்டில் இருப்பார்கள்.

நீதிமொழிகள் 31ஐ வேத பாடமாக வைப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். தவறில்லை, ஆனால் பாட்டி என்றாலே அதைத்தான் எடுப்பார்கள். 2 தீமோத்தேயு 1:5இல் பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் என்று மூன்று தலைமுறை ஒரே வசனத்தில் வருகிறது. பேரப்பிள்ளைகள் எடுக்கும் ஆராதனைக்கு அது பொருத்தம்.

#6 ஓலைப்பெட்டி

வாத்தியாரய்யா சொல்லுறது சரி, ஆனா நீதிமொழிகள் 31ஐ ஒதுக்க வேண்டாம்னு நினைக்கேன். அதுல ஆட்டுமயிரும் சணலும் கதிரும் விளக்கும்னு முழுக்க முழுக்கச் சாமான்தான் வருது. ஜனங்க 10ஆம் வசனத்தை மட்டும் வாசிச்சுட்டு நிறுத்துறதுதான் கோளாறு. 13லிருந்து 24 வரைக்கும் வாசிக்கச் சொல்லுங்க.

தங்கச்சி, சின்ன ஆச்சிகிட்ட “அக்கா எப்படிப்பட்டவங்க?”ன்னு கேட்டீன்னா “தங்கமானவ”ன்னு ஒரு சொல்லோட முடிஞ்சிரும். இப்படிக் கேளு: கோவில்ல பொம்பளைங்க பக்கம் எந்தத் தூணுகிட்ட உக்காருவாங்க? அசனத்துக்கு (சபை விருந்துக்கு) முந்தின ராத்திரி அவங்களுக்கு எந்த வேலை, காய் நறுக்கவா மசாலா அரைக்கவா? பதநீர் காலத்துல கூப்பனி (பதநீர்ப் பாகு) காய்ச்ச விடிலிக்கு, அந்தக் காய்ச்சுற குடிசைக்கு, யார் போவா? லெந்து நாட்கள்ல (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல) எதை விட்டுவச்சாங்க? முதல் சம்பளமோ முதல் தேங்காயோ வந்தா காணிக்கைக்கு எதுல முடிஞ்சு வைப்பாங்க? சேலை முந்தியா, சுருக்குப் பையா?

ஒரே மூச்சுல கேக்காத. 88 வயசுக்கு முக்கால் மணி நேரம் போதும். சாயங்காலத்தைவிடக் காலைல கேக்கது நல்லது.

#7 ஸ்கேனர்_தம்பி

பதிவு பண்ணும்போது: போனை ‘ஏரோபிளேன் மோட்’ல போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் நல்ல இடத்தில் அழைப்பு வந்து வெட்டிவிடும். போனைக் கையில் பிடிக்காமல் மடித்த துண்டின்மேல், வாயிலிருந்து ஒன்று ஒன்றரை அடிக்குள் வையுங்கள். மின்விசிறியை நிறுத்தியே ஆகணும். அந்த இரைச்சல் கேட்கும்போது தெரியாது, பதிவில் பேச்சை விழுங்கிவிடும். தொடங்கும்போது தேதி, ஊர், யார் பேசுகிறார்கள் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போ கல்யாணப் படம். கண்ணாடியோடு ஒட்டியதைப் பிய்க்காதீர்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். மழைக்கால ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிய்த்தால் முகம் கண்ணாடியோடும் தாள் கையோடும் வரும். தண்ணீரில் ஊறப்போடச் சொல்லும் வீடியோக்கள் உண்டு, நம்ப வேண்டாம்.

கண்ணாடியோடே நகல் எடுக்கலாம். பிரிண்டரோடு சேர்ந்த சாதாரண ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிஐஎஸ் வகை. அவற்றின் குவியம் மேல் கண்ணாடியோடு முடிந்துவிடும். நடுவில் 2 மி.மீ. சட்டக் கண்ணாடி வந்தால் படம் மங்கும். சிசிடி வகை என்றால் தெளிவாக வரும், பழைய ஸ்டூடியோக்களில் கிடைக்கும். இல்லையென்றால் கேமராவில் எடுங்கள்: படத்தைச் சுவரில் சாய்த்து, இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரே மாதிரி விளக்கு, எடுப்பவர் கறுப்புச் சட்டை போட்டு, கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணி. கண்ணாடியில் உங்கள் சாயல் விழாது.

மற்றப் படங்களுக்குக் கணக்கு: அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 2க்கு 3 அங்குலப் படத்தை 4க்கு 6 ஆக அச்சிடணும் என்றால் இரட்டிப்பு, ஆகவே 600 டிபிஐ. பாஸ்போர்ட் அளவுக்கு 1200. மூலத்தை டிஃப் கோப்பாக வையுங்கள். சித்தப்பா, அத்தை வீட்டிலிருந்து படம் வாங்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிப் பாழாகும், ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

நிறமேற்றும் செயலிகள், முகத்தைக் கூராக்கும் செயலிகள் வேண்டவே வேண்டாம். அவை இல்லாததைக் கற்பனை பண்ணிப் போடும். கண்ணும் பல்லும் வேறொரு ஆச்சிக்குப் போய்விடும். சேலை வெள்ளையா சந்தனமா என்றும் அதற்குத் தெரியாது.

#8 கடைக்குட்டி_பேத்தி

பதிவேடு பார்த்தாச்சு. பிறப்பு 29-12-1931, ஞானஸ்நானம் அடுத்த பிப்ரவரி. அண்ணாச்சி கணக்கு சரியாக வந்தது.

இன்னொன்றும் கிடைத்தது. பெரியப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவில் ஒரு ஆண் குழந்தைக்கு ஞானஸ்நானப் பதிவு இருக்கு. எட்டு மாதம் கழித்து அடக்கப் பதிவேட்டிலும் அதே பெயர். வீட்டில் யாரும் இதுவரை சொன்னதில்லை. கையேட்டில் போடலாமா?

#9 மேட்டுத்தெரு_வாத்தியார்

போட வேண்டும். பிள்ளைகள் பட்டியலில் பிறந்த வரிசையில், பெயரும் இரண்டு வருஷமும் மட்டும். விளக்கம் எதுவும் வேண்டாம்.

#10 ஓலைப்பெட்டி

அவசரப்படாதீங்க ஐயா. பெரியப்பாகிட்டயும் அத்தைகிட்டயும் தனித்தனியா, அச்சுக்குப் போகுமுன்னே சொல்லணும். கோவில்ல கையேட்டைப் பிரிச்சுப் பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. ஆச்சி எழுபது வருஷம் சொல்லாம வச்சிருந்தாங்கன்னா அதுக்கு அவங்களுக்குக் காரணம் இருந்திருக்கும். மூத்த பிள்ளைங்க வேண்டாம்னா வேண்டாம். சரின்னா வாத்தியாரய்யா சொன்ன மாதிரி ஒத்தை வரி.

#11 பதிவேட்டு_அண்ணாச்சி

எது முடிவானாலும் பதிவேட்டுப் படத்தைக் குடும்பத்தில் பத்திரமாக வையுங்கள். அடக்கப் பதிவேடும் ஞானஸ்நானப் பதிவேடும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவது எல்லாருக்கும் வாய்க்காது.

பட்டியல் வரிசை பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் மனஸ்தாபம் வரும். ஆண்களை முதலில், பெண்களைப் பின்னால் போடும் பழைய பழக்கத்தை விட்டுவிட்டுப் பிறந்த வரிசையில் போடுங்கள். மருமக்கள் எல்லாருக்கும் முழுப் பெயர் இருக்கட்டும். ‘திருமதி’ போட்டு மாப்பிள்ளை பெயரை எழுதினால் மருமகள் காணாமல் போய்விடுவாள். காலஞ்சென்றவர் என்பதற்கு எல்லா இடத்திலும் ஒரே குறி. பட்டியலை ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் கிளையை மட்டும் அனுப்பி, எழுத்தில் ‘சரி’ வாங்குங்கள். தொலைபேசியில் கேட்டால் ஜெனிஃபர், ஜெனிபர் என்று பிறகு சண்டை வரும்.

திடப்படுத்தல் (வளர்ந்தபின் சபையில் உறுதிப்படுத்தும் சடங்கு) தேதி கிடைக்கவில்லை என்றால் ஒரு குறுக்கு வழி. எந்த அத்தியட்சர் (பிஷப்) கை வைத்தார் என்று சின்ன ஆச்சிக்குத் தெரிந்திருக்கலாம். ஸ்டீபன் நீல் என்றால் 1939க்கும் 1944க்கும் இடையில் தேடுங்கள். ஆச்சிக்கு அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயது, கடைசி இரண்டு வருஷம் பார்த்தால் போதும். 27-9-1947க்கு முன்னால் நடந்ததற்கு ‘சி.எஸ்.ஐ. சபையில்’ என்று எழுதிவிடாதீர்கள். அன்றுதான் தென்னிந்திய திருச்சபை உருவானது. அதற்கு முன் ஆங்கிலிக்கன் சபை, ஊர்களை எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்று இரண்டு மிஷன் சங்கங்களின் பெயரால் பிரித்துச் சொல்வார்கள். தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் தனியானது 2003இல். மாவட்டமும் அப்படித்தான்: தூத்துக்குடி மாவட்டம் 1986 அக்டோபரில் பிரிந்தது, 1931இல் பிறந்தவருக்குத் ‘திருநெல்வேலி ஜில்லா, சென்னை மாகாணம்’.

வருஷம் தெரியாத சம்பவங்களுக்கு நங்கூரம் வேண்டும். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர் 22, 23. தாமிரபரணி வெள்ளம் 1992 நவம்பர். “வீட்டுக்கு ஓடு போட்டது புயலுக்கு முன்னாலயா பின்னாலயா?” என்று கேட்டால் பதில் வரும். “எந்த வருஷம்?” என்று கேட்டால் வராது.

#12 அச்சாபீஸ்_துரை

அச்சு வேலைக்கு வருவோம். 16 பக்கம் நல்ல முடிவு. நடுவில் கம்பி அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கம் நாலால் வகுபடணும். 14 எழுதிக் கொண்டு வந்தால் இரண்டு வெற்றுப் பக்கம் போகும், 17 என்றால் 20 ஆக்கணும். ஏ5 அளவு, ஏ4 தாள் நாலு, நடுவில் மடிப்பு.

வம்ச விளக்கப்படம் போடுவதானால் 8, 9ஆம் பக்கத்தில் மட்டும் போடுங்க. அந்த ஒரு இடத்தில்தான் இடது வலது இரண்டும் ஒரே தாள். வேறெங்கே போட்டாலும் மடிப்பில் கோடு ஒன்றரை மில்லி ஏறி இறங்கி நிற்கும். கம்பி விழும் இடத்தில் யார் பெயரும் வரக் கூடாது.

உள்தாள் 90 அல்லது 100 ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) மேப்லித்தோ, அதாவது பளபளப்பில்லாத தாள். 70 போட்டால் பின்பக்கப் படம் தெரியும். அட்டை 250 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, ஆனால் மடிக்குமுன் கிரீசிங் (மடிப்புக்கு அழுத்தித் தடம்) போடச் சொல்லணும். இல்லையென்றால் மடிப்பில் நிறம் வெடித்து வெள்ளைக் கோடு விழும். ஆச்சி படம் அட்டையில் ஓரம் வரை போகுதென்றால் நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதல் வேண்டும். முகம் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே. 300 பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு போதும். 500க்கு மேலே ஆஃப்செட் கட்டுப்படி ஆகும். இடைப்பட்டதுக்கு இரண்டு விலையும் கேளுங்க.

எழுத்துரு. இதில்தான் பிழை பிறக்குது. நீங்கள் யூனிகோடில் தட்டித் தருவீங்க. அச்சகத்தில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளும் பாமினி என்ற பழைய எழுத்துருவும் இருந்தால் மாற்றித்தான் போடுவாங்க. மாற்றியில் ‘ஸ்ரீ’ உடையும், ‘ௌ’வுக்குக் கால் தனியே ‘ள’ ஆகும், கொம்பு இடம் மாறும். பழைய வேதாகமத்திலிருந்து எடுத்துத் தட்டும்போதும் கவனம்: 1978க்கு முந்தைய லை, ணை, னை யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கும், றா, ணா, னா சுழியாக இருக்கும். பழக்கமில்லாதவர்கள் வேறு எழுத்தாக வாசிப்பாங்க.

மெய்ப்பைத் திரையில் பார்க்காதீங்க. அச்சிட்ட தாளில், இரண்டு பேர். ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் மூலத்தைப் பார்க்கணும். தேதிகளை மட்டும் தனியாக ஒருமுறை, பெயர்களை மட்டும் தனியாக ஒருமுறை. ஞானம்மாள் ‘ஞாணம்மாள்’ ஆவது, ‘கர்த்தருக்குள்’ள ஒரு புள்ளி விட்டுப்போவது, அட்டையில் வருஷம் தப்பாவது, மூன்றும் அடிக்கடி நடக்கும். அட்டையை எல்லாரும் கடைசியில் பார்ப்பாங்க, அதனால்தான் தப்பும்.

ஒன்பது வாரத்தை இப்படி வையுங்க: உரை முடிவு ஆறாம் வார முடிவில், வடிவமைப்பு ஏழாம் வாரம், மெய்ப்பும் அச்சும் எட்டாம் வாரம். ஒன்பதாவது வாரம் சும்மா இருக்கணும். மின்சாரம், கல்யாணப் பத்திரிகை சீசன், எதுவும் வரலாம்.

#13 மேட்டுத்தெரு_வாத்தியார்

துரை, பாடல் பக்கங்களுக்கு எழுத்து 14 புள்ளி இருக்கட்டும், உரை 12. முன்வரிசையில் உட்காருவது எல்லாம் எண்பது வயது.

பாடல்களுக்கு முதல் வரியும் எண்ணும் சேர்த்தே போடுங்கள். பாமாலை, கீர்த்தனைப் புத்தகங்கள் பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும். எண்ணை மட்டும் போட்டால் பாதிச் சபை ஒரு பாட்டும் மீதி வேறு பாட்டும் திறக்கும். ஆச்சிக்குப் பிடித்த பாட்டு எது என்று யாருக்கும் நினைவில்லையா? அவருடைய சொந்தப் பாட்டுப் புத்தகத்தை மேசையில் நிமிர்த்தி வைத்துக் கையை எடுங்கள், அதிகம் திறந்த பக்கத்தில் தானாக விரியும். எண்ணெய்க் கறையும் அங்கேதான் இருக்கும். வேதாகமத்துக்கும் இதே சோதனை. புதிய பாடல்களின் முழு வரிகளை அச்சிட உரிமையாளர் அனுமதி வேண்டும், முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

#14 ஓலைப்பெட்டி

லேஸ் விரிப்பு ரெண்டு இருக்குன்னியே. ‘லேஸ் பின்னினார்’ன்னு எழுதுமுன்னே அது எந்த லேஸ்னு பாரு. கண்ணாடி வச்சுப் பார்த்தா, ஒத்தை நூல் சங்கிலி சங்கிலியா வளையம் கோத்து வந்திருந்தா அது குரோஷா, ஒரே கொக்கி ஊசில போட்டது. நூல்கள் ஒண்ணுக்கொண்ணு குறுக்கே பாய் முடையிற மாதிரி போய், முடிச்சே இல்லாம இருந்தா அது தலையணைல ஊசி குத்தி, கட்டைகளை மாத்தி மாத்திப் போட்டுப் பின்னுறது. நம்ம பக்கத்துல பேர் போனது ரெண்டாவதுதான். இடையன்குடில எலைசா கால்டுவெல் பொம்பளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்த வேலை. அவங்க நாகர்கோவில் மால்ட் ஐயர் மகள், அங்கே அவங்க அம்மா ஏற்கெனவே லேஸ் நடத்தினாங்க. ரெண்டையும் ஒண்ணா எழுதினா தெரிஞ்சவங்க சிரிப்பாங்க.

கையேட்டுல அதைப் படமாப் போட போனை எடுக்காத. ஸ்கேனர்ல நேரா விரிச்சு, மேல கறுப்புத் தாள் வச்சு எடு. ஒவ்வொரு நூலும் தெரியும். அட்டைக்கே அது போதும்.

எடுத்து வைக்கும்போது கஞ்சி போடாத, பூச்சி அதுக்குத்தான் வரும். மடிச்சு வச்சா மடிப்புல நூல் அறும். துவைச்ச கோராத் துணியோட (வெளுக்காத பருத்தித் துணி) சேர்த்து உருளையாச் சுருட்டு. பிளாஸ்டிக் பை வேண்டாம். இரும்பு பீரோன்னா தட்டுல துணி விரிச்சு வை, துருக்கறை பட்டா போகாது.

#15 ஓலைப்பெட்டி

அப்புறம் ஒரு பக்கம் பலகாரத்துக்கு விடு. கிறிஸ்மஸுக்கு ஆச்சி என்ன செஞ்சாங்களோ அது. முந்திரிக்கொத்துன்னு வச்சுச் சொல்லுதேன், நம்ம பக்கம் பல வீட்லயும் அதுதான்.

சிறுபயறு அரைக் கிலோவை வெறும் சட்டில, நடுத்தரத் தீயில, பொன்னிறமா வாசம் வர வரைக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வறுக்கணும். ஆறினதும் ரவைப் பதத்துல உடைச்சுக்கோ, நைசா அரைச்சா உருண்டை கல்லாயிரும். தேங்காய் அரை மூடி துருவி ஈரமே இல்லாமச் சிவக்க வறுக்கணும். எள் 50 கிராம் வறுத்தது, ஏலக்காய் எட்டு, சுக்கு சுண்டுவிரல் நீளம் பொடிச்சது. கருப்பட்டி 400 கிராமை 200 மில்லி தண்ணில கரைச்சு, மண் போக வடிகட்டி, ஒத்தைக் கம்பிப் பதம் வர காய்ச்சிச் சூடா மாவுல ஊத்திக் கிளறணும். கை பொறுக்கிற சூட்டுல நெல்லிக்காய் அளவு உருண்டை. ஒரு ராத்திரி ஆறட்டும்.

மேல்மாவு: பச்சரிசி மாவு ஒரு உழக்கு, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, உப்பு, தண்ணி. தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டி. மூணு மூணு உருண்டையா முக்கி ஒட்ட வச்சு நடுத்தரச் சூட்டு எண்ணெய்ல போடணும்.

உருண்டை எண்ணெய்ல கரைஞ்சா பாகு இளம்பதம். மேல்தோல் வெடிச்சு உள்ளே இருக்கது வெளிய வந்தா மாவு தண்ணி. நாலாம் நாள் காறல் வாடை அடிச்சா தேங்காய்ல ஈரம் நின்னிருக்கு. மூணும் சரியா இருந்தா பதினஞ்சு நாள் தாங்கும்.

ஆச்சி அளவு வேறயா இருந்தா அதைத்தான் எழுதணும், என் அளவை இல்ல. சின்ன ஆச்சி ‘உழக்கு’ன்னு சொல்லுவாங்க. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, புத்தகக் கணக்குல 336 மில்லி. ஆனா ஊருக்கு ஊர் படி வேறயா இருந்துச்சு, அதனால அந்தப் பித்தளை உழக்கையே எடுத்துத் தண்ணி நிரப்பி எடை போட்டுப் பாரு.

#16 கல்கொத்தி

கல்லறைக் கல் பற்றி யாரும் சொல்லலை, முதலாண்டுக்குப் பலரும் அதையும் சேர்த்துச் செய்வாங்க. சபைக் கமிட்டி அனுமதி முதலில். அளவுக்கு விதி இருக்கும்.

குழி இறங்கி முடிய ஒரு ஐப்பசி மழையாவது போகணும். அதுக்கு முன்னால் பலகைக் கல் போட்டால் ஒரு பக்கம் சரியும். கறுப்புக் கிரானைட்டில் தமிழ் எழுத்து உயரம் ஒரு அங்குலத்துக்குக் கீழே போனால் சுழிகள் அடைபட்டு ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகும். மணல் பாய்ச்சி வெட்டுகிற இடத்தில் முதலில் ஸ்டென்சில் வெட்டுவாங்க. அந்த ஸ்டென்சிலை நேரில் போய் வாசிச்சுக் கையெழுத்துப் போடுங்க. கல்லில் புள்ளி சேர்க்கலாம், எடுக்க முடியாது. தங்கப் பூச்சு நாலு வருஷத்தில் வெளுக்கும், ஆழம் இருந்தால் பூச்சு இல்லாமலே வாசிக்கலாம்.

இரும்புக் கிளாம்பு கூடவே கூடாது. கடல் காத்தில் துருப்பிடித்து வீங்கிக் கல்லை உடைக்கும். ஸ்டெயின்லெஸ் கேளுங்க. வயதைச் செதுக்காதீங்க, பிறந்த தேதியும் மரித்த தேதியும் போதும்.

#17 கடைக்குட்டி_பேத்தி

ரொம்ப நன்றி. பெரியப்பாவும் அத்தையும் சரி என்று சொல்லிட்டாங்க, அந்தத் தம்பி பெயர் ஒற்றை வரியாக வருது. அட்டைக்கு லேஸ்தான் (பார்த்தாச்சு, குரோஷா இல்லை). பாட்டுப் புத்தகச் சோதனையும் பலித்தது.

உழக்குதான் குழப்புது. தண்ணீர் நிரப்பி எடை போட்டால் 310 கிராம் வருது, 336 இல்லை. அடியில் பெரிய ஒடுக்கு ஒன்று இருக்கு, அதனாலோ என்னவோ. கையேட்டில் எதைப் போடுவது?

#18 ஓலைப்பெட்டி

310ன்னே போடு. அவங்க கைக்கணக்கெல்லாம் அந்த ஒடுக்கு விழுந்த உழக்குக்குத்தான். அதுல சிறுபயறு தட்டி அளந்தா கால் கிலோ வரும், ரெண்டு உழக்குன்னு சின்ன ஆச்சி சொன்னா அரைக் கிலோ. பக்கத்துல கிராமும் எழுதிரு. கருப்பட்டியை மட்டும் தராசுல நிறுத்து எழுது, அது உழக்குல அளக்கிற சாமான் இல்ல.